போகும்போது சொன்ன விஷயம்

போன வாரம் எங்கள் மில் பராமரிப்புக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். படத்தில் கறுப்புத் திரை ஒன்று. அதில் படம் எடுத்தவரின் மூக்கு மங்கலாகத் தெரிந்தது. கீழே, "சிஸ்டம் ஓடலீங்க. அர்ஜென்ட்" என்று ஒரு வரி. எந்த சிஸ்டம், எப்போதிலிருந்து ஓடவில்லை, அவர் என்ன செய்து பார்த்தார், ஒன்றும் கிடையாது. குழுவில் ஆளாளுக்குக் கும்பிடு போட்டு விலகிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே எங்கள் சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணுமுங்க. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா ஆன்லைன்ல எப்படி உதவி கேக்கறதுன்னு. இந்த வெசயத்துல உங்களாட்ட அனுபவம் யாருக்குங்க இருக்குது?" என்றார். பெருமையாக ஒப்புக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் அவர் எந்த அனுபவத்தைச் சொன்னார் என்று விளங்கியது. கோயமுத்தூரிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் என்னைவிட மோசமாக உதவி கேட்ட ஆள் கிடையாது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு எட்டாவது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கை பழகினேன். பட்டறைக்காரர் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அது ஒரு நாள் நின்றது. விற்றவர்கள் ஆளை அனுப்புவதற்குள் நான் திருப்புளியால் பெட்டியைத் திறந்து, பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டி, புளோயரால் ஊதினேன். ஓடியது. அன்று முதல் நான் கம்ப்யூட்டர்காரன். என் கல்லூரி, பட்டம், பட்டமளிப்பு விழா எல்லாம் அந்த ஒரு ஊதல்தான். அதற்குப் பிறகு போத்தனூரில் ஒரு குடோன், காங்கயத்தில் அரிசி மில்கள் என்று சுற்றி, கடைசியில் வெள்ளகோவில் பக்கம் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில் கம்ப்யூட்டர் பராமரிப்புக்கு நிரந்தரமாக உட்கார்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். அந்த வட்டாரத்தில் ஒரு கம்ப்யூட்டரை முழுக்க அழித்து மறுபடி புதிதாக ஏற்றுவதில் என் வேகத்துக்கு ஆள் கிடையாது. எதை எதற்காக அழிக்கிறோம் என்று யோசிப்பதில்தான் கொஞ்சம் மந்தம்.

ஆலை முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆபீசில் அவருக்கு நாற்காலி உண்டு, உட்கார மாட்டார். நின்றபடியே பேசுவார், நின்றபடியே காபி குடிப்பார். கோபத்தை அவர் மரியாதையில்தான் காட்டுவார். சாதாரண நாளில் "ஆறுச்சாமி, வாப்பா" என்பார். மனசு கொஞ்சம் கசந்தால் "ஆறுச்சாமி, வாங்க" என்பார். நன்றாகக் கசந்தால் "ஆறுச்சாமிங்க, இப்படி வந்துட்டுப் போறீங்களாங்க" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' தொங்கும். "நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டால், அந்த ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

ஆலை வாசலில் லாரி ஏறி நிற்கும் எடைமேடை. பக்கத்து அறையில் எடை காட்டும் டப்பா. அந்த டப்பாவிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்கு வரும். லாரி ஏறினால் டப்பாவில் தெரியும் எடை கம்ப்யூட்டரிலும் தெரிந்து, சீட்டு அடித்து வரும். அந்த அறையில் வேலை பார்த்தது பரிமளா. களத்தில் வெயிலில் தேங்காய்ப் பருப்புக் காயப்போட்டு, சாக்குத் தைத்து, கணக்கு நன்றாக வரும் என்று முதலாளியே கண்டுபிடித்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்த பெண். களத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். களத்துப் பெண்கள் அந்த ஜன்னலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வைத்த பிறகு ஒரு நாள் தொந்தரவு ஆரம்பித்தது. டப்பாவில் எடை தெரிகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை. நான் போனேன். அழித்தேன், புதிதாக ஏற்றினேன், ஓடியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் அதே கதை. மறுபடி அழித்தேன், ஓடியது. ஒயரை மாற்றினேன். ஒயரின் முனையில் இருக்கும் மாற்றுச் செருகியை மாற்றினேன். சில நாட்கள் ஓடும், பிறகு நிற்கும். நிற்கும்போதெல்லாம் பரிமளா டப்பாவைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கையால் எழுதிய சீட்டை யார் நம்புவார்கள்? ஒரு லாரிக்காரர் ஜன்னலில் தலையை விட்டு, "ஏனம்மணி, மிசினு பொய் சொல்லாதுன்னு அதைய நிறுத்திப்போட்டு நீ எழுதறயாக்கும்?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பேச்சு களம் முழுக்கப் பரவி முதலாளி காதுக்கும் போனது.

கடவுள் பக்தர் அவர். அறைக்குத் திருஷ்டி என்று நினைத்தார். அதுவரை அமாவாசைக்கு மட்டும் ஆபீஸ் சாமான்களுக்குப் பூசை நடக்கும். இனி வெள்ளிக்கிழமை தோறும் எடை அறைக்குத் தனிப் பூசை என்று உத்தரவு போட்டார். பூசை கூடக் கூடத் தொந்தரவும் கூடியது. மாதம் ஒரு முறை நின்றது வாரம் ஒரு முறை நிற்க ஆரம்பித்தது.

ஒரு நாள் கூப்பிட்டார். "ஆறுச்சாமிங்க, வாங்க. காபி குடிக்கறீங்களாங்க."

ங்க எண்ணிக்கை சரியில்லை.

"சாமியும் கும்புட்டாச்சுங்க, நீங்களும் பாத்தாச்சுங்க. இனி மனுசரத்தான் மாத்திப் பாக்கோணுமுங்க. வர்ற அமாவாசை வரைக்கும் பாப்பமுங்க. அப்புறம் அந்த அம்மணி களத்துக்கே போகட்டுமுங்க" என்றார்.

பரிமளா களத்து வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை. ஆனால் திருப்பி அனுப்பினால் அவள் எடையில் கை வைத்தாள் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "அண்ணா, உங்களுக்கு மேல தெரிஞ்சவிய யாராச்சும் இருப்பாங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு மேல் தெரிந்தவர் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அப்படித்தான் ஒரு தமிழ்க் கணினி உதவித் தளத்துக்குப் போனேன். கேள்வியை எழுதிப் போட்டால் தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். இரண்டு விரலால் தட்டித் தட்டி நான் போட்ட முதல் பதிவு இது:

"தளத்தில் உள்ள பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வெள்ளகோவில் ஆறுச்சாமியின் வணக்கமுங்க. எல்லோரும் சௌக்கியமா? இந்தப் பக்கம் இன்னும் மழை இல்லை. உங்கள் பக்கம் எப்படி? நான் கம்ப்யூட்டர் துறையில் நெடுநாள் அனுபவஸ்தன். சும்மா எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வேறொன்றும் இல்லை."

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக்கு ஒரு காரியமாகப் போனால் அப்படித்தான். "என்ன விசயமா வந்தீங்க?" என்றால் "சும்மாதானுங்க" என்போம். மழை, மாடு, தேங்காய் விலை, யார் வீட்டுக் கல்யாணம், எல்லாம் பேசி முடித்து, காபி டம்ளரை வைத்து, எழுந்து, செருப்பை மாட்டி, வாசலைத் தாண்டுகிறபோது திரும்பி, "அப்புறமுங்க, ஒரு சின்ன வெசயம்" என்று ஆரம்பிப்போம். வந்ததே அதற்குத்தான். எடுத்த எடுப்பில் கேட்டால் பறக்காவெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரரும் அந்தச் சின்ன விஷயத்துக்காகவே வாசல் வரை கூட வருவார்.

தளத்தில் யாரும் வாசல் வரை வரவில்லை. "வணக்கம், மகிழ்ச்சி" என்று ஒருவர் எழுதினார், அதோடு சரி. என்ன விஷயமாக வந்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று சில நாட்கள் திறந்து திறந்து பார்த்தேன். கேட்கவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு, "மிக அவசரம், உதவவும்" என்று தலைப்புப் போட்டு, "எங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்யவில்லை" என்று ஒரே வரி எழுதினேன். நீட்டினால் நீட்டிவிடுவேன், சுருக்கினால் சுருக்கிவிடுவேன், அளவு மட்டும் வராது.

ஒற்றைப்பனை என்ற புனைபெயரில் ஒருவர் பதில் போட்டார். ஆணா பெண்ணா, எந்த ஊர், இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரியாக என்றால் என்ன? எப்போதிலிருந்து? திரையில் என்ன தெரிகிறது? நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று நான்கு கேள்விகள். வணக்கம்கூட இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தது போல் இருந்தது எனக்கு. "நான் அனுபவஸ்தன், அடிப்படைக் கேள்விகள் தேவையில்லை. இது வைரஸ்தான். நல்ல பலமான மருந்து இருந்தால் சொல்லவும்" என்று எழுதினேன்.

"லாரியை மேடையில் ஏற்றாமல் எடை கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நோயின் பெயர் உங்களிடம் கேட்கவில்லை. கண்ணால் கண்டதை எழுதுங்கள்" என்று பதில் வந்தது.

பரிமளாவிடம் இதைக் காட்டிப் புலம்பினேன். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நல்லாத்தானுங்க அண்ணா கேட்டிருக்காங்க" என்றாள்.

"திரையில என்னம்மணி தெரியுது? என்னமோ இங்கிலீசுல வரும், ஓகே குடுத்தா போயிரும். அதைய எழுதி என்ன ஆகப்போகுது?"

"அதைய உங்களுக்கு எத்தன தாட்டி வாசிச்சுக் காட்டினேன். நீங்கதான் 'ஓகே குடு அம்மணி, சும்மா கெடக்குது'ன்னீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிக்க இடமில்லை. கம்ப்யூட்டர் இத்தனை மாதமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதன் வாயில் ஓகேயை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்ல, கோலம் பார்த்துப் போடுகிறவன் போல நான் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் தேடித் தட்டினேன். 'காம் மூன்று' என்ற வழியைத் திறக்க முடியவில்லை என்பது அதன் பொருள். கூடவே, அழித்து ஏற்றினால் கொஞ்ச நாள் ஓடுகிறது, ஒயரும் செருகியும் மாற்றியாயிற்று என்பதையும் எழுதினேன். அனுபவஸ்தன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். விட்டதும் பதிவு பாதியாகிவிட்டது.

எழுதி முடித்ததும் பழக்கதோஷம், சொல்லாமல் எழுந்து போக மனசு வரவில்லை. கடைசியில் இப்படி முடித்தேன்: "சரிங்க, நாளைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாத்தையும் கழட்டித் துடைத்துப் பூசை போட வேண்டும். வாரனுங்க."

பதில் உடனே வந்தது. "கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டும்போது அது பழைய ஓட்டையிலேயே போகிறதா?"

நான் அதைப் படித்துவிட்டு எடை அறைக்கு நடந்தேன். ஓடினேன் என்று எழுத ஆசைதான், என் முட்டி சாட்சி சொல்லாது. அன்றும் கம்ப்யூட்டர் நின்றுதான் இருந்தது. மேடையில் ஒரு தேங்காய் லாரி நிற்க, பரிமளா கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

பூசை எப்படி நடக்கும் என்றால், பெட்டியை மேசைக்கடியிலிருந்து எடுத்து, எல்லா ஒயரையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைப்பார்கள். சந்தனம், குங்குமம், பூ, சூடம். முடிந்ததும் பரிமளா திரும்ப எடுத்து வந்து மாட்டுவாள். பெட்டியின் பின்னால் தட்டையான ஓட்டைகள் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் வரிசையாக இருக்கும். மவுஸை எதில் செருகினாலும் ஓடும். கீபோர்டும் அப்படித்தான். எடை ஒயர் மட்டும் வேறு மாதிரி. ஒவ்வொரு ஓட்டைக்கும் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிடும். எடைச் சீட்டு மென்பொருளோ 'காம் மூன்று' என்ற அந்த மூன்றாம் எண்ணில் மட்டும்தான் காத்துக்கொண்டிருக்கும். நான் அழித்து ஏற்றும்போது, அந்த நேரம் ஒயர் எந்த ஓட்டையில் இருந்ததோ அதற்கே மூன்றாம் எண் கிடைத்திருக்கிறது. அடுத்த பூசை வரைக்கும் நிம்மதி. அதைத்தான் நான் என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினேன். ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் செருகினேன். திரையில் எடை வந்து நின்றது. டப்பாவில் இருந்த அதே எண்.

பரிமளா பேனாவை வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நான் மாட்டி வெச்சதுலதானுங்களா அண்ணா இத்தனையும்? மொதலாளிக்குத் தெரிஞ்சா நான்தான் கெடுத்தேன்னு ஆகிப்போகுமுங்களே."

அது நியாயமான பயம். யார் கை பட்டது என்று கேட்டால் அவள் கைதான். விஷயத்தை எந்த முனையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் அவள் நாற்காலி இருந்தது.

முதலாளியின் முன்னால் போய் நின்றேன். வாய் தானாக, "மழை இந்தத் தாட்டியும் ஏமாத்திப்போடும் போலீங்க" என்று ஆரம்பித்தது. அவரும் "ஆமாங்க, காத்தும் மாறிப்போச்சுங்க" என்றார். அடுத்து தேங்காய் விலைக்குப் போயிருப்பேன். அது முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் "அந்த அம்மணி ஒயரை மாத்தி மாட்டிப்போட்டாளுங்க" என்று வாசலில் சொல்லியிருப்பேன். வாசலில் விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. அவர் காதில் அவள் பெயர் மட்டும் நின்றிருக்கும். ஒற்றைப்பனையின் கேள்விகள் ஞாபகம் வந்தன. நிறுத்தினேன்.

"ஐயா, வந்த வெசயத்தச் சொல்லிப்போடறேன். எடை ஒயரு ஒரே ஓட்டையிலதான் ஓடும். அது எனக்கே இன்னைக்குத்தான் தெரியுமுங்க. பூசைக்குக் கழட்டறப்ப எல்லாம் ஓட்டை மாறிப்போகுது. பூசை கூடுனதால தொந்தரவும் கூடிப்போச்சு. இப்பப் பழைய ஓட்டையில மாட்டிப் பாத்தனுங்க, ஓடுது. அம்மணி சீட்டுல ஒரு தப்பும் இல்லீங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை. முதலாளி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பச் சாமிக்குப் பூசை போடச் சொன்னது நானுங்க. அப்பத் தப்பு என்னோடதுங்களா?"

"பூசை தப்புன்னு சொல்லுலீங்க. பொட்டு எடம் மாறி இருக்குதுங்க. பெட்டிக்கு முன்னால வெக்கறதுல ஒண்ண அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயும், ஒண்ண ஒயரு முனையிலயும் வெச்சுப்போட்டா, பொட்டுக்குப் பொட்டுப் பாத்து மாட்டிக்கலாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை குனிந்துகொண்டார். 'நீங்க பெரியவங்க' வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"பொட்டு ஈரத்துணிக்கு அழிஞ்சுபோயிடுமல்லப்பா" என்றார். ங்க போய்விட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அமாவாசையன்று அவரே எடை அறைக்கு வந்தார். ஆபீசில் உட்காராத மனிதர், அங்கே பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். சிவப்புப் பெயிண்டைக் கொண்டுவரச் சொல்லி, ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டும் ஒயரில் ஒரு பொட்டும் தன் விரலாலேயே வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த களத்துப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி, "அம்மணி, நீ பாட்டுக்கு உன்ற சீட்டுல உக்காரு. தப்பு ஓட்டையிலதான்" என்றார். பரிமளா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அந்த லாரிக்காரர் வந்தால் எடைச் சீட்டோடு பெயிண்ட் பொட்டையும் காட்டி அனுப்புவாள் என்று கேள்வி.

தளத்துக்குத் திரும்பப் போய் நடந்ததை எழுதினேன். ஒற்றைப்பனை முதல் முறையாக வணக்கம் சொல்லி எழுதினார்: "முடிவைத் திரும்ப வந்து சொன்னதற்கு நன்றி. பலர் சொல்வதில்லை. இனி உங்கள் பதிவுகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன்." நானும் அதற்குப் பிறகு அங்கே பலருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்ட அதே நான்கு கேள்விகளைத்தான் கேட்பேன். வணக்கம் மட்டும் சேர்த்துக்கொள்வேன், ஊர்ப் புத்தி.

ஆகவே குழுவில் உள்ள தம்பிகளே, மூக்குப் படம் போடாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள், செய்ததைச் சொல்லுங்கள், திரை பேசினால் ஓகே கொடுத்து வாயை அடைக்காதீர்கள். விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சரி, செயலாளர் கேட்ட அளவு வந்துவிட்டது. வாரனுங்க.

அப்புறமுங்க, ஒரு சின்ன விஷயம். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொஞ்ச நாளாகச் சத்தம் வருவதில்லை. ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறது, திரையில் தவறு என்று எதுவும் காட்டவில்லை. ஒருக்கா அழித்து ஏற்றியும் பார்த்துவிட்டேன். ஆயுத பூசைக்குத் துடைத்து மாட்டியதிலிருந்துதான் இப்படி. பொட்டு வைக்க மறந்துபோட்டேன்.